விழுந்தவன் திரும்பும் வழி: ஒரே கேள்வி, மூன்று சபைகள்

7 வருஷம் எந்த ஆலயத்திலும் கால் வைக்காமல் இருந்துவிட்டு, போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் திரும்பி வந்தேன். வருவதென்று தீர்மானித்த பிறகுதான் எங்கே வருவது என்ற குழப்பம் தொடங்கியது.

நான் பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம், ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழிவந்த ஒரு லுத்தரன் குடும்பத்தில். 3 மாதக் குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 19 வயதில், திருச்சியில் விடுதி நண்பர்களோடு ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், இரட்சிக்கப்பட்டேன் என்று சாட்சி சொல்லி, காவிரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். 26 வயதில் அப்பா இறந்தார். நான் 40 நாள் உபவாசம் இருந்தும் அவர் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் சபைக்குப் போகவில்லை என்பது மட்டுமல்ல, வேலைக்கான ஒரு படிவத்தில் ‘மதம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று என் கையால் எழுதினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மனதார எழுதினேன்.

திரும்பி வந்தபோது பெந்தெகொஸ்தே பாஸ்டர், குருமார் இல்லாமல் மூப்பர்களே நடத்தும் பிரதரன் சபையின் ஒரு மூப்பர், எங்கள் ஊர் லுத்தரன் போதகர் என்று மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். நான் இரட்சிப்பைப் பெற்று இழந்தவனா? பெற்று இழக்காதவனா? முதலிலேயே பெறாதவனா? மூன்று விதமான பதில் வந்தது. இதே இடத்தில் நிற்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இயேசுவின் சிலுவை, கிருபை, விசுவாசம், மனந்திரும்புதல் ஆகியவற்றில் மூவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆராதனை முறை, பாட்டு, டிரம்ஸா ஆர்மோனியமா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். அதற்குள் நான் போகவில்லை.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பிறவிக்கடலைத் தாண்ட வேண்டும், இனிப் பிறக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த காதுக்கு, ‘மறுபடியும் பிறக்க வேண்டும்’ என்பது தலைகீழாகத்தான் விழும். யோவான் 3-ஆம் அதிகாரத்தில் இதை இயேசுவின் வாயால் கேட்ட நிக்கொதேமுவும் அப்படித்தான் திகைத்துப்போகிறான். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் இரண்டு பொருள் உண்டு. தமிழ் வேதாகமத்தில் ‘மறுபடியும்’ வந்துவிட்டது. ‘மேலிருந்து’ என்ற பொருளையும் சேர்த்துப் படித்தால், அது நாம் செய்யும் காரியம் அல்ல, நமக்கு நடக்கும் காரியம் என்பது தெளிவாகிறது. இதை எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்ளும். அது எப்போது நடக்கிறது, நடந்தது கலையுமா என்பதில்தான் பிரிகிறார்கள்.

பெந்தெகொஸ்தே சபையில் மறுபிறப்புக்கு ஒரு தேதி உண்டு. ‘இத்தனாம் தேதி ஆண்டவர் என்னை இரட்சித்தார்’ என்றுதான் சாட்சி தொடங்கும். ஞானஸ்நானம் அதற்குப் பின்னால் வரும் கீழ்ப்படிதல். குழந்தைக்குத் தெளித்த தண்ணீர் கணக்கில் வராது, அப்போது விசுவாசம் இல்லையே. அப்புறம் ஆவியின் அபிஷேகம், அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தெரியாத மொழியில் பேசுவது. இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தண்ணீரும் ஆவியும் சேர்ந்தால்தான் மறுபிறப்பே முழுமை என்பார்கள்.

இரட்சிப்பை இழக்க முடியுமா என்றால், முடியும். பின்மாற்றம், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகிப்போவது, அங்கே நிஜமான ஆபத்து. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழியாக வந்த போதனை இது. 1738 மே 24 அன்று லண்டனில் வெஸ்லியின் உள்ளம் விசித்திரமாக அனல்கொண்டதே, அப்போது அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை. ஆக, அந்த நெருப்பும் லுத்தரின் அடுப்பில் எடுத்ததுதான்.

என்னை அன்றைக்கு முழுக்கி எடுத்த பாஸ்டரிடம் போனேன். கட்டிப்பிடித்து அழுதார். ஊழியக்காரர் என்றால் இவரைப் போல இருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்புறம் சொன்னார்: “பிரதர், மறுபடியும் உங்களை ஒப்புக்கொடுங்க. அன்னைக்கு ஞானஸ்நானம் எடுத்தப்ப உண்மையா மனந்திரும்பித்தான் எடுத்தீங்களான்னு ஜெபத்துல ஆண்டவர்கிட்ட கேளுங்க. இல்லேன்னு தெரிஞ்சா இன்னொரு தடவை எடுத்துக்கலாம்.”

எல்லாப் பெந்தெகொஸ்தே சபையிலும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு போதகரிடம்.

பிரதரன் சபை மூப்பரின் பதில் நேர் எதிர்த்திசையில் இருந்தது. அவர்களுடைய போதனையில் விசுவாசித்த அந்த நொடியே மறுபிறப்பு, அது ஒருமுறைதான், பிறகு கலைவதில்லை. ‘அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை’ என்ற யோவான் 10:28 அவர்களுக்கு அஸ்திவாரம். பாவம் செய்தால் தகப்பனோடுள்ள ஐக்கியம் கெடும், உறவு கெடாது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிய பிள்ளையும் பிள்ளைதானே. “தம்பி, நீங்க அன்னைக்கு உண்மையா விசுவாசிச்சிருந்தா, இந்த 7 வருஷமும் நீங்க அவர் பிள்ளைதான். விசுவாசிக்கலேன்னா, இன்னைக்குத்தான் முதல் நாள்” என்றார் மூப்பர்.

கேட்டபோது நெஞ்சு லேசாகிவிட்டது. மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன்.

சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழிச் சபைகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் வேர் வேறு. தேவன் தெரிந்துகொண்டவர்களை அவரே கடைசிவரை நிலைநிறுத்துவார் என்று நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618, 1619-இல் கூடிய ஆலோசனைச் சங்கம் தீர்மானித்தது. தாவீதைப் போல, பேதுருவைப் போல அவர்கள் கடுமையாக விழலாம், ஆனால் முற்றிலுமாக விழுந்துபோக மாட்டார்கள். அப்படியானால் முற்றிலுமாகப் போனவர்கள்? 1 யோவான் 2:19-ஐக் காட்டுவார்கள்: ‘அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை’. இந்தச் சபைகளில் நான் வாழ்ந்து பார்த்ததில்லை. படித்த அளவில்தான் சொல்கிறேன்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். பெந்தெகொஸ்தே போதகர் என்னைக் குரங்குக்குட்டியாகப் பார்த்தார். பிடி விட்டுவிட்டது, மறுபடியும் பிடி என்றார். மூப்பர் பூனைக்குட்டியாகப் பார்த்தார். நீ கவ்வப்பட்டவனாக இருந்தால் விழவே இல்லை என்றார்.

நாலாவது நாள் தூக்கம் போயிற்று. மூப்பர் ‘உண்மையா விசுவாசிச்சிருந்தா’ என்றார். பாஸ்டர் ‘உண்மையா மனந்திரும்பித்தான் எடுத்தீங்களா’ என்றார். இரண்டு எதிரெதிர் போதனைகளும் கடைசியில் என்னை ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன. 19 வயதில் காவிரிக்கரையில் நின்ற அந்தப் பையனின் உள்ளத்துக்குள்! அன்றைக்கு நான் அழுதது உண்மை. அந்த அழுகையில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு நண்பர்கள் கொடுத்த உற்சாகம் என்று இன்றைக்கு எப்படிப் பிரித்தெடுப்பேன்? அது பொய்யென்றால் மறுபடியும் முழுகலாம், சரி. ஆனால் அடுத்த முழுக்கையும் 10 வருஷம் கழித்து இதே கேள்வி அரிக்கும். விசுவாசிக்கு நிச்சயம் அவன் உணர்ச்சியிலிருந்து வருவதில்லை, தேவனுடைய வார்த்தையிலிருந்து வருகிறது என்று பிரதரன் சபையாரும் அழுத்திச் சொல்வார்கள் என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த வார்த்தை எனக்குத்தான் சொல்லப்பட்டது என்று நான் எதைப் பிடித்துக்கொண்டு நம்புவது? அதற்குத் திரும்பவும் என் விசுவாசத்தைத்தான் தோண்ட வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பத்தில் பழைய சபைச் சரித்திரம் படிக்க ஆரம்பித்தேன். என் படிவம் அங்கே கிடைத்தது.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாக் குடிமக்களும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் 40-க்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் இருந்து கிடைத்திருக்கின்றன. சின்னப் பாப்பிரஸ் துண்டுகள். ‘நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றி, பலியிட்டு, பலிப்பொருளை ருசிபார்த்தேன்’ என்று எழுதி, கீழே அதிகாரியின் கையொப்பம். கிறிஸ்தவர்கள் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் கூட்டம் கூட்டமாகச் சபை வாசலில் வந்து நின்றார்கள்.

சேர்க்கலாமா? ரோமில் நொவாத்தியன் என்ற மூப்பர் கூடாது என்றார். தேவன் மன்னிப்பாரோ என்னவோ, சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அவர் கட்சி. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர அத்தியட்சர் (பிஷப்) சிப்பிரியான், உடனே கதவைத் திறந்துவிடவும் இல்லை, அடைத்து வைக்கவும் இல்லை. 251-இல் கூடிய சங்கத்தில், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்வது, பலியிட்டவர்கள் மனஸ்தாபத்தோடு, அதாவது செய்த பாவத்துக்கு மனம் வருந்திக் காத்திருக்க வேண்டும், சாகும் தறுவாயில் ஐக்கியம் கொடுப்பது என்று முடிவாயிற்று. பிறகு மறுபடியும் துன்புறுத்தல் வரும்போலத் தோன்றியதும், காத்திருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பசியோடு போருக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் காரணம்.

நொவாத்தியனின் கூட்டம் தனிச் சபையாகப் பல நூற்றாண்டுகள் இருந்தது. 325-இல் நிசேயா சங்கத்துக்கு வந்த அவர்களுடைய அத்தியட்சர் அசேசியுவிடம், ‘ஏணி வைத்து நீ மட்டும் பரலோகம் ஏறிக்கொள்’ என்று பேரரசன் கொன்ஸ்தந்தீன் சொன்னதாகச் சபைச் சரித்திரத்தில் இருக்கிறது.

இதே சிப்பிரியான் இன்னொரு விஷயத்தில் ரோம அத்தியட்சர் ஸ்தேவானோடு மோதினார். பிரிந்துபோன கூட்டங்களில் ஞானஸ்நானம் பெற்று வருகிறவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது சிப்பிரியான். வேண்டாம், கைகளை வைத்து ஜெபித்தால் போதும் என்பது ஸ்தேவான். 256 வாக்கில் நடந்த இந்த வழக்கில் காலப்போக்கில் ஸ்தேவானின் பக்கமே மேற்கத்திய சபையில் நிலைத்தது. கொடுத்தவர் யார், பெற்றவர் எவ்வளவு தகுதியானவர் என்பதில் ஞானஸ்நானம் நிற்கவில்லை, கொடுக்கும் தேவனில் நிற்கிறது என்பதே அதன் சாரம். எனக்கு விடிந்தது இந்த இடத்தில்தான்.

கத்தோலிக்கர்களும் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். திருமுழுக்கு ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது, அதனால் இரண்டாம் முறை கிடையாது. சாவான பாவத்தால் அருளை இழந்தவனுக்கு, பாவத்தைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. கப்பல் உடைந்தபின் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது பலகை என்று ஜெரோம் சொன்ன உவமையை 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் எடுத்தாண்டது. என் மனைவி வீட்டில் கத்தோலிக்கர்கள் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வரும்போது பாட்டியின் முகத்தில் தெரியும் அமைதியைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தவன் நான், அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

லுத்தர் அந்தப் பலகை உவமையைத்தான் மறுக்கிறார். 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், கப்பல் உடையவே இல்லை என்கிறார். ஞானஸ்நானம் தேவனுடைய ஏற்பாடு, அது உடையாது. நாம்தான் வழுக்கிக் கடலில் விழுகிறோம். விழுந்தவன் நீந்திப்போய் அதே கப்பலைப் பிடித்து ஏற வேண்டும், அவ்வளவுதான். புதுக் கப்பலும் வேண்டாம், பலகையும் வேண்டாம். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்காக, விழுவதற்கே இடமில்லை என்று அவர் சொல்லவில்லை. லுத்தரன் சபைகளின் அடிப்படையான 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 12-ஆவது பிரிவு இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் தள்ளுகிறது. ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர்கள் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களும் தவறு, ஞானஸ்நானத்துக்குப்பின் விழுந்து மனந்திரும்பியவர்களுக்கு மன்னிப்பு அறிவிக்க மறுத்த நொவாத்தியர்களும் தவறு. படித்துவிட்டு அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் 7 வருஷத்தை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றும் சொல்லாமல், ‘எல்லாம் முடிந்தது’ என்றும் சொல்லாமல் ஒரு போதனை இருக்கிறதே! நான் போனது நிஜம். விசுவாசத்தை விட்டது நிஜம். எனக்குச் சொல்லப்பட்ட வாக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊருக்குப் போய் ஐயரை, அதாவது எங்கள் சபைப் போதகரைப் பார்த்தேன். இந்தக் கரையில் 1706-இல் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் ஆக்கினார். அந்த ஞானோபதேசத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் செய்தவன்தான். ஐயர் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து, நீளமான ஒரு பதிவேட்டை எடுத்தார். ஓரங்கள் கரையான் அரித்திருந்தன. பக்கங்களைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். என் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, ஞானப் பெற்றோரின் பெயர்கள். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர். நீல மை வெளிறிப் பழுப்பாகியிருந்தது.

“இத யாராவது அடிச்சிருக்காங்களா பாருங்க தம்பி.”

அடிக்கவில்லை.

“அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க. பாவ அறிக்கை சொல்லுங்க, மன்னிப்பு சொல்றேன், திருவிருந்துக்கு வாங்க” என்றார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

சிறிய ஞானோபதேசத்தில், தண்ணீரினால் ஞானஸ்நானம் கொடுப்பது எதைக் குறிக்கிறது என்ற கேள்வி உண்டு. நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தால் மூழ்கிச் சாக வேண்டும், புதிய மனிதன் தினந்தோறும் எழும்ப வேண்டும் என்பது பதிலின் கருத்து. 10 வயதில் அதைப் பரீட்சைக்காக ஒப்பித்தேன். மறுபிறப்பு ஒரு தேதியில் முடிந்துபோன சம்பவம் அல்ல, ஒரே ஒரு தண்ணீருக்குள் தினமும் திரும்பிப் போவது என்பது 33 வயதில்தான் புரிந்தது. தீத்து 3:5-இன் ‘மறுஜென்ம முழுக்கு’ என்ற சொல்லையும் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ‘மறுதலித்துப்போனவர்களை’ மனந்திரும்புதலுக்கு மறுபடியும் ‘புதுப்பிக்கிறது கூடாதகாரியம்’ என்கிறது அது. பின்மாற்றத்தில் இருந்தவர்கள் இந்த வசனத்தை இரவில்தான் நினைப்பார்கள். அவர்கள் உண்மையில் மறுபடியும் பிறந்தவர்கள் அல்ல, ருசிபார்த்தவர்கள் மட்டும் என்கிறார்கள் கால்வின் வழியினர். உண்மையில் பிறந்து, உண்மையிலேயே இழந்தவர்கள் என்கிறார்கள் வெஸ்லி வழியினர். குமாரனைச் சிலுவையில் அறைந்துகொண்டிருக்கும் வரையில் புதுப்பிக்க முடியாது என்று அந்த வாக்கியத்தைப் படிப்பவர்களும் உண்டு.

எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். தமிழில் பேதுரு மூன்று தரம் ‘மறுதலித்தான்’, எபிரெயரில் அவர்கள் ‘மறுதலித்துப்போனார்கள்’. ஒரே வினை. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பேதுரு செய்தது தெரியாது என்று சொன்னது, எபிரெயரில் இருப்பது வழிதப்பி விழுந்துபோவது. சொல் வேறு என்பதால் என் குற்றம் சிறியதாகிவிடாது. ஆனால் மறுதலித்தவனுக்குக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தவரும் இவர்தான் என்று யோவான் 21 சொல்கிறது. லுத்தரே எபிரெயருக்கு எழுதிய முன்னுரையில் இந்தப் பகுதியைக் கடினமான முடிச்சு என்றார். அந்த முடிச்சை நான் அவிழ்த்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். முடிச்சோடுதான் திருவிருந்துக்குப் போனேன்.

நான் சேர்ந்த இடத்தில் குறையே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழந்தை ஞானஸ்நானம் வெறும் சடங்காகிப்போன குடும்பங்கள் எங்கள் சபையில் நிறைய. ஞானஸ்நானம், கல்யாணம், கல்லறை என்று மூன்று தடவை மட்டும் ஆலயம் பார்ப்பவர்கள் உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, போதும் என்று இருந்துவிடுகிறார்கள். கப்பல் உடையாது என்பதற்காகக் கடலிலேயே கிடக்கலாம் என்று ஆகிவிடுமா? அந்த விஷயத்தில் பெந்தெகொஸ்தே சபையின் எச்சரிப்பு எங்களுக்கு வேண்டும். நான் 7 வருஷம் காணாமல்போனபோது எங்கள் சபையில் இருந்து ஒருவரும் வரவில்லை. அந்தப் பாஸ்டர்தான் முதல் வருஷம் முழுக்க மாதம் ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தார். நான் எடுக்கவே இல்லை.

அவருடைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு இப்போதும் போகிறேன். போன வாரம் ஜெபத்தின் முடிவில் என் தலையில் கைவைத்து, இந்தப் பிள்ளை மறுபடியும் தண்ணீரில் இறங்கிக் கீழ்ப்படிய உதவி செய்யும் ஆண்டவரே என்று கேட்டார். நான் இறங்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். இருவருமாக ஆமென் சொன்னோம். அப்புறம் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.